வார்டு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

கில்லன் பாரி என்கிற நரம்பு நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறேன். விரல்கள் இன்னும் பிடிக்கு வரவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்லத் தங்கை மகள் தட்டச்சு செய்கிறாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்லத் தெம்பில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐசியூவில் ராத்திரி ஷிப்டில் தரை துடைக்க வருகிற அக்கா.

கில்லன் பாரியில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். எனக்கு மூச்சு வரைக்கும் ஏறி வென்டிலேட்டர் வைத்தார்கள். ஆனால் புத்தி தெளிவாகவே இருந்தது, காதும் நன்றாகக் கேட்டது. கைகால் அசையாதே தவிர உணர்ச்சி போகவில்லை, போர்வை பட்டாலே எரிந்தது. இது தெரியாமல், பார்க்க வந்தவர்கள் என் தலைமாட்டிலேயே நின்று "தேறுவாரா?" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது.

ஒரு ராத்திரி அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார். "தம்பி, நான் பேசுறது கேக்குதுன்னா கண்ணை மேலே தூக்கு, இல்லேன்னா கீழே இறக்கு" என்றார். இமை சரியாக மூடாது, கருவிழி மட்டும் அசையும். அதைக் கவனித்திருக்கிறார். மேலே தூக்கினேன். வலிக்குதா? இல்லை. தாகமா? இல்லை. எங்கேயாவது அரிக்குதா? ஆமாம்! நெற்றியா, காதா, மூக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நர்சிடம் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் மூக்கோரம் துடைத்துவிட்டார். அப்புறம் கேட்டார், "பயமா இருக்கா?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதையும் துடைத்துவிட்டு, "மணி மூணு ஆகுது. வெளியே நல்ல மழை. உங்க அம்மா வராண்டாவுல தூங்குறாங்க. நான் விடியிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றார். எப்போதும் லைட் எரிகிற அந்த அறையில் எனக்குப் பகலும் ராத்திரியும் திரும்பக் கிடைத்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு தினமும் மணி சொல்வார். மறுநாள் அவர் சொல்லித்தான் டாக்டர்களும் அம்மாவும் கண்ணசைவில் என்னிடம் பேசத் தொடங்கினார்கள்.

டாக்டர்கள், நர்சுகள், வலிக்க வலிக்க விடாமல் காலை மடக்கி நீட்டிய பிசியோதெரபிஸ்ட், இந்த நோய்க்கான இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கப் பணம் திரட்டிய நண்பர்கள், மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் நன்றி. அந்த மருந்தே ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து, எடுப்பதாம். முகம் தெரியாத அவர்களுக்கும் நன்றி.

நன்றாக நடக்க ஆரம்பித்ததும், இதே நோயோடு யார் படுத்திருந்தாலும் போய்ப் பார்ப்பேன். முகத்துக்கு நேரே நின்று, மணி சொல்லி, அரிக்கிறதா, பயமா இருக்கிறதா என்று கேட்பேன்.

அக்கா ஒப்பந்த வேலையில் இருந்தவர். இப்போது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், போன் நம்பரும் இல்லை. அந்த வார்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கடைசிக் கட்டில் தம்பி என்றால் அவருக்குத் தெரியும்.