குனிந்த பிறகு யோசிக்காதே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பூல் ஆட்டம் (மேசையில் வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து, அது மோதி மற்றப் பந்துகளை பாக்கெட் என்னும் குழிகளில் விழவைப்பது) பற்றி எழுதியவர், குறி பார்க்கும் முறையெல்லாம் வெறும் ஏமாற்று, மனம் ஒருமுகப்பட்டால் போதும் என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். கீழக்கரையில் பூல் டேபிள் போட்டுக் கடை நடத்துகிறவன் நான். எனக்கு இதில் சம்மதமில்லை.

துபாயிலிருந்து லீவில் வரும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "காக்கா, எந்த மெத்தட் நல்லது?" என்பதுதான் (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்). பாதிப் பந்து அடியில் ஆரம்பிக்கச் சொல்வேன். க்யூ குச்சியை வெள்ளைப் பந்தின் நடு வழியாக மற்றப் பந்தின் விளிம்புக்கு நேராக வைத்து அடித்தால், அந்த மற்றப் பந்து, குச்சி காட்டும் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி விலகி ஓடும். இது கணக்கு. அடிப்பவன் கோபத்தில் இருந்தாலும் அதே 30தான். மற்றக் கோணங்களுக்கு கோஸ்ட் பால் என்கிற கற்பனைப் பந்து முறை இருக்கிறது. பாக்கெட்டுக்குப் போகும் கோட்டில், பந்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு பந்து இருப்பதாக நினைத்து, அதன் நடுவுக்கு வெள்ளையை அனுப்ப வேண்டும். அந்த நடு, நிஜப் பந்தின் நடுவிலிருந்து 57 மில்லிமீட்டர் தள்ளி. அதாவது ஒரு பந்தின் குறுக்களவு.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கதி. கடல் காற்றின் உப்பும் ஈரமும் கைப்பிசுக்கும் சேர்ந்து பந்தில் படிந்துவிடும். அப்போது உரசல் கூடி, வெள்ளை மற்றப் பந்தைத் தன் போக்கில் கொஞ்சம் இழுத்துவிடும். கணக்கு சொன்னதைவிடக் குறைவாகவே அந்தப் பந்து விலகும். மெதுவாக அடித்தால் இன்னும் மோசம். பையன்கள் "இன்னைக்கு மனசு சரியில்ல காக்கா" என்பார்கள். நான் பந்துகளைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து வைப்பேன். மனசு சரியாகிவிடும்!

மனசுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. குனிந்த பிறகு "மெல்லிசாப் பட்டுருமோ" என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அங்கேதான் ஆட்டம் கெடுகிறது. தோள் அசையும், குச்சி கோணும். கோணத்தை நின்றபடியே முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் எழுந்துவிட வேண்டும். முறை எதுவானாலும் அதன் பெரிய உபயோகம், குனியும் முன்பே யோசனையை முடித்துக் கொடுப்பதுதான். சங்கு குளிக்கப் போகும் பையன் ஒருவன் கடைக்கு வருவான். குச்சியைக் கடைசியாகப் பின்னால் இழுத்ததும் ஒரு கணம் நிறுத்துவான். கண் மற்றப் பந்திலேயே குத்திட்டு நிற்கும், இமைகூட அசையாது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து ஜோன் விக்கர்ஸ் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் கண்டு சொன்னதும் இந்த அசையாப் பார்வையைத்தான். பிறகு பில்லியர்ட்ஸிலும் சோதித்துப் பார்த்தார்கள். தேர்ந்தவர்களுக்குப் பார்வை கூடுதல் நேரம் நின்றது. இவனுக்கு அதெல்லாம் தெரியாது, பாதிப் பந்து அடி மட்டும் அத்துப்படி.

அடுத்த முறை இதைப் பற்றி வெளியிட்டால், அந்தப் பாதிப் பந்து அடிக்கு ஒரு படம் போடுங்கள். கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூல் கடைக்காரர்,
கீழக்கரை.