கூத்தைப் புத்தகத்துக்குள் வைக்கும்போது

காட்பாடி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கர்ண மோட்சம் தெருக்கூத்தை ஒலியும் காணொளியுமாக மின்நூலாக்கப் போகிறாய் என்றதும், நீ கேட்காததையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பேசும் புத்தகம் என்று வருவதில் பாதி, பக்க மூலையில் ஒரு பிளே பொத்தானை ஒட்டிவிட்டதோடு சரி. பாட்டு ஒரு பக்கம் ஓடும், கண் வேறொரு பக்கம் வரியைத் தேடும். ஈபப் 3 என்ற மின்நூல் வடிவத்தில் அந்தத் தொல்லை வேண்டியதில்லை. வரிக்கு வரி ஒலியைக் கட்ட மீடியா ஓவர்லே இருக்கிறது; பாடும் வரி பக்கத்தில் வெளிச்சமாகத் தெரியும். உழைப்பை அங்கே போடு.

முதலில் பதிவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை போனாலும் 32 ஜிபி கார்டு தாராளம். முகவீணை உச்சத்தில் ஊதும்போது மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி அளவை வை. ஒருமுறை கிழிந்த ஒலியை அப்புறம் தைக்க முடியாது. மைக்கைக் குழாய் ஸ்பீக்கருக்கு நேரே நிறுத்தாதே. ஜெனரேட்டர் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உட்காரும். சுமைக்கேற்பக் கொஞ்சம் நகரவும் செய்யும். அதனால் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் பார்த்து, அந்த இடத்தை மட்டும் மெல்லியதாக வெட்டு. அடி ஒலி மொத்தத்தையும் வழித்தெடுத்தால் மிருதங்கத்தின் இடந்தலை காணாமல் போகும்.

இனி ஒட்டுவேலை. நூலின் எழுத்து இருக்கும் எக்ஸ்எச்டிஎம்எல் பக்கத்தில் ஒவ்வொரு பாட்டு வரிக்கும் தனி ஐடி, அதாவது அடையாளப் பெயர், கொடு. ஐடியை எண்ணில் தொடங்காதே. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில் பாட்டை ஓடவிட்டு, வரி தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் கன்ட்ரோல்-எம் அடித்தால் லேபிள் விழும். கை எப்போதும் கொஞ்சம் பிந்தும், எல்லா நேரத்திலும் 0.2 வினாடி கழித்துக்கொள். லேபிள்களை ஏற்றுமதி செய்தால் வினாடிக் கணக்கில் பட்டியல் வரும். அதை, எந்த வரிக்கு எந்த ஒலி என்று சொல்லும் ஸ்மில் கோப்பில் தொடக்கம், முடிவு என்று நிரப்பவேண்டியதுதான்.

கூத்தில் சிக்கல் பின்பாட்டு, அதாவது முதலில் பாடியதைப் பின்னால் இருப்பவர்கள் திரும்பப் பாடுவது. ஏட்டில், அதாவது எழுதிவைத்த பிரதியில், வரி ஒருமுறைதான் இருக்கும், மேடையில் இரண்டு மூன்று முறை வரும். முன்பாட்டு 12.4-ஆவது வினாடியில் தொடங்கி 19.0-இல் முடிகிறது, பின்பாட்டு 26.5 வரை இழுக்கிறது என்று வைத்துக்கொள். 12.4 முதல் 26.5 வரை ஒரே துண்டாகக் கட்டு. 19.0-இல் வெட்டினால், பின்பாட்டு பாடும்போதே வெளிச்சம் அடுத்த வரிக்குத் தாவி, படிப்பவரைக் குழப்பும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனோ ஏட்டில் இல்லாததைத்தான் அதிகம் பேசுவான். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் இடத்தில் அவன் குறுக்கே விடும் கேலியை வெட்டாதே. பேசிய பேச்சிலேயே, வடாற்காட்டு வழக்கைத் திருத்தாமல், வேறு நிறத்தில் எழுதிச் சேர். என்னைக் கேட்டால் அச்சுப் பிரதியைவிட அதுதான் பொக்கிஷம்.

ஒலியை எம்பி3 ஆக்கும்போது மாறாத பிட்ரேட் (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவு) வை. மாறும் பிட்ரேட்டில் சில செயலிகள் இடத்தைத் தவறாகத் தாவி, பத்தாவது நிமிடத்தில் வரியும் பாட்டும் பிரிந்துவிடும். மோனோ, 96 கேபிபிஎஸ் போதும். அரைமணி 22 எம்பிக்குள் அடங்கும். காட்சிக்கு ஒரு கோப்பு.

ஓடும் வரிக்கு வெளிர்மஞ்சள் பின்னணி கொடுத்தால் எழுத்தின் நிறத்தையும் கறுப்பு என்று சேர்த்தே எழுது. இல்லாவிட்டால் இரவு முறையில் வெள்ளை எழுத்து மஞ்சளில் கரைந்துவிடும். பழைய ஏடு பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகி இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கண்ணால் ஒருமுறை படி. 'கொ', 'கௌ' வரும் சொற்களில்தான் இடறும். எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழை உள்ளே வை. சாய்வெழுத்தும் எழுத்து இடைவெளியும் தமிழுக்கு வேண்டாம். கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். நீண்ட சொற்கள் இருப்பதால் இருபுறமும் சமன்செய்யாமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக விடு.

காணொளி மூன்று போதும்: அரிதாரம் பூசுவது, திரைப் பிரவேசம், ஒரு அடவு. நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று. இல்லையென்றால் மேடை விளக்கு துடிக்கும். எச்.264, 720பி, 1.5 எம்பிபிஎஸ், ஏஏசி ஒலி. நிமிடத்துக்கு 12 எம்பி ஆகும். தானாக ஓடவிடாதே. முகப்புப் படமும் இரண்டு வரி விளக்கமும் கட்டாயம், ஏனென்றால் கிண்டிலின் மின்மை (இ-இங்க்) திரையில் காணொளி ஓடாது; அங்கே படிப்பவருக்கு அந்த இரண்டு வரிதான் மிஞ்சும்.

எல்லாவற்றையும் ஒரே ஈபப்பாகக் கட்டும் வேலையைச் சிகில் என்ற செயலியிடம் விடு. கையால் ஜிப் செய்தால் இது ஈபப் என்று சொல்லும் மைம்டைப் கோப்பு முதலில், சுருக்கப்படாமல் இருக்கவேண்டும் என்ற விதி தவறிவிடும். கோப்புப் பெயர்களில் இடைவெளியும் தமிழும் வேண்டாம். ஒவ்வொரு ஸ்மில்லின் நேரமும் கூட்டினால் நூலில் குறித்த மொத்த நேரத்துக்குச் சமமாக வரவேண்டும், ஈபப்பைச் சோதிக்கும் ஈபப்செக் அதையும் பார்க்கும். பிறகு கணினியில் தோரியம் என்ற வாசிப்புச் செயலி, ஐபோனில் ஆப்பிள் புக்ஸ், இரண்டிலும் ஓட்டிப் பார்.

கூத்தாடும் ஜமாவிடம் (குழுவிடம்) ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடு, வருமானத்தில் அவர்கள் பங்கையும் அதிலேயே குறி.

முழுக்கூத்தையும் தொடாமல், கர்ணன் திரைப் பிரவேசம் மட்டும் முடித்து அனுப்பு. லேபிள் பட்டியலும் சேர்ந்து வரட்டும், 0.2 போதுமா 0.3 வேண்டுமா என்று உன் கையைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகன்