உண்ணாவிரதத்துக்கு முந்தைய படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காந்தி பிறந்த நாளையொட்டித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரை, அறவழித் தலைவர்கள் விட்டுச் சென்ற மரபு இன்றைய மனித உரிமைப் போராட்டங்களுக்கு உதவுகிறதா என்று கேட்டு, உதவுகிறது என்றே முடித்திருந்தது. அந்த முடிவில் எனக்கு மறுப்பில்லை. அந்த மரபில் எந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொண்டோம், எதைக் கைவிட்டோம் என்பதைத்தான் கட்டுரை தொடவில்லை. உண்ணாவிரதமும் வேலைநிறுத்தமும் கருப்புக் கொடியும் ஆண்டு தவறாமல் நடக்கும் ராமேசுவரம் தீவில் வசிக்கும் எனக்கு அதுவே முதல் கேள்வியாகப் படுகிறது.

1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், அறப்போராட்டத்துக்கு நான்கு படிகள் உண்டு என்கிறார் மார்ட்டின் லூதர் கிங். அநீதி நடக்கிறதா என்று தகவல் திரட்டுவது முதற்படி, பேச்சுவார்த்தை இரண்டாவது, தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்வது மூன்றாவது, நேரடி நடவடிக்கை கடைசியில்தான் வருகிறது. காந்தியும் இந்த வரிசையில்தான் நடந்தார். 1917-ல் பீகாரின் சம்பாரணுக்குப் போனவர், அவுரி விவசாயிகள் ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களை எழுதி வாங்கச் செய்தார். 1918-ல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் 50 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டபோது, கணக்குகளைப் பார்த்து 35 விழுக்காடே நியாயம் என்று அவர்களிடமே சொல்லி, அதற்கு மேல் கேட்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகே போராட்டத்தை நடத்தினார். அதற்கும் முன்பு, 1914 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ரயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் அரசு திணறிக்கொண்டிருந்த வேளையில், அந்த நெருக்கடியைப் பயன்படுத்த விரும்பாமல், தான் அறிவித்திருந்த பேரணியைத் தள்ளிவைத்தார். நம் ஊர்ச் சங்கக் கூட்டம் ஒன்றில் இப்படி ஒரு யோசனையைச் சொல்பவருக்கு என்ன வரவேற்பு கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம் நினைவும் கடைசிப் படியைத்தான் பிடித்துக்கொள்கிறது. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் சென்ற உப்பு யாத்திரையில், தொண்டர்களுக்குச் சோறிட்டால் சிறை என்று ஆட்சியர் தோர்ன் எச்சரித்தும், மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட கதை பலருக்கும் தெரியும். யாத்திரை சென்ற அந்த நூறு பேர் எப்படிப் பொறுக்கியெடுக்கப்பட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். இலங்கைக் கடற்படையால் 2024-ல் மட்டும் கைது செய்யப்பட்ட இந்திய மீனவர்கள் 500-க்கும் மேற்பட்டோர். சிறைக்குப் போகிறவர்களில் மிகப் பலர் படகு உரிமையாளர்கள் அல்லர். பங்குக்கோ கூலிக்கோ கடலுக்குப் போனவர்கள். 2017 மார்ச்சில் இளம் மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, உடலை வாங்க மறுத்துத் தங்கச்சிமடத்து மக்கள் நாள் கணக்கில் அமைதியாக உட்கார்ந்திருந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. எல்லை தாண்டுவது எந்த நாட்டுச் சட்டப்படி குற்றமானாலும், அதற்குத் தண்டனை துப்பாக்கிக் குண்டாக இருக்க முடியாது. சுடக் கூடாது என்ற எங்கள் கோரிக்கையின் நியாயத்தில் எனக்கு ஐயம் ஏதுமில்லை.

ஆனால் எதிர்க்கரையிலும் உண்ணாவிரதம் நடக்கிறது. 2024 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், இந்தியத் துணைத் தூதரகத்தின் அருகே வடபகுதி மீனவர்கள் பட்டினி கிடந்தார்கள். தங்கள் கடலின் அடித்தரையை நம் விசைப்படகுகளின் இழுவை மடி (கடலடியை வாரி இழுத்துவரும் வலை) அரித்துத் தின்பதாகவும், விரித்த வலைகளை அறுத்துப் போவதாகவும் அவர்கள் முறையிடுகிறார்கள். போர்க் காலத்தில் கடலுக்குப் போகவே தடைகள் இருந்த நிலையில் வாழ்ந்து, 2009-க்குப் பிறகு தொழிலை மீட்டெடுக்க முயலும் தமிழர்கள் அவர்கள். 1956-ல் கொழும்பு காலிமுகத் திடலில் தொண்டர்கள் அடி வாங்கியபோதும் திருப்பி அடிக்காமல் அறப்போராட்டம் நடத்திய இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மக்கள். கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவில் நம்மோடு ஒரே பந்தலில் நிற்பவர்களும் அவர்களே. இரண்டு கரையிலும் ஒரே மொழியில், ஒரே முறையில், ஒருவருக்கு எதிராக ஒருவர் பட்டினி கிடக்கும்போது, கிங் சொன்ன மூன்றாவது படியை, தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்வதை, தவிர்த்துவிட்டு எவரும் மேலே போக முடியாது.

இழுவை மடியின் கேடு நமக்குத் தெரியாததா? கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்வதே நம் நாட்டுப்படகு மீனவர்களைக் காக்கத்தான். நம் நாட்டுப்படகுக்காரர் சொல்லும் குறையும் யாழ்ப்பாணத்து மீனவர் சொல்லும் குறையும் ஒன்றே. இதை வெளியே சொன்னால் கைதுகளை நியாயப்படுத்தியதாகிவிடும் என்று தலைவர்கள் அஞ்சுகிறார்கள். அகமதாபாத்தில் 50-ஐ 35 ஆக்கியபோது காந்தி ஆலை முதலாளிகளின் பக்கம் சாயவில்லை. மறுக்க முடியாத ஒரு கோரிக்கையைத் தொழிலாளர் கையில் கொடுத்தார். எங்கள் கோரிக்கைக்கும் அந்த வலு வேண்டும்.

இது இயலாத காரியமும் அன்று. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பாக் நீரிணைக் கரையில் இன்றும் இருக்கும் ஏற்பாடு, கடுமையான மோதல்களுக்குப் பிறகு விட்டுக்கொடுத்துப் பெற்றது. 2010-ல் இரு கரை மீனவர் பிரதிநிதிகளும் தமிழ்நாட்டில் கூடிப் பேசி, ஓராண்டுக்குள் இழுவை மடியை நிறுத்துவது என்று உடன்பட்டார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு இங்கே தொடங்கப்பட்ட, விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தில் சேர்ந்த படகுகளோ சொற்பம். படகொன்றுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பில், மானியம் போக மீதியைக் கைப்பணமாகவும் கடனாகவும் சுமக்க வேண்டிய அந்தத் திட்டம் ஏன் எடுபடவில்லை என்பதை அரசு மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். பழியை மீனவர் மீது மட்டும் போடுவதும் நேர்மையாகாது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். அந்த நாட்களில் மீனவர் சங்கங்கள் முதற்படியைத் தொடங்கலாம்: கைதானவர் கூலியா உரிமையாளரா, படகில் இருந்தது எந்த மடி, பிடிபட்டது எந்த இடத்தில், குடும்பத்தின் கடன் எவ்வளவு என்பதைப் பாதிக்கப்பட்டவர்களின் வாய்மொழியாகவே பதிவு செய்து, நாட்டுப்படகு மீனவர்களையும் மீன் விற்கும் பெண்களையும் அழைத்துப் பேசி, அந்த ஏட்டோடு எதிர்க்கரை மீனவர்களைச் சந்திக்கலாம். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். "மீனவர்கள் கைது" என்ற தலைப்பில் எண்ணிக்கையோடு செய்தியை முடித்துவிடாமல், மேற்சொன்ன விவரங்களையும் கேட்டு வெளியிடுங்கள். யாழ்ப்பாணத்து மீனவர் சங்கங்களின் மறுமொழியையும் அதே பக்கத்தில் இடம்பெறச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.