துளைக்கும் இயந்திரம் இல்லாமல் பற்சூத்தைக்குச் சிகிச்சை: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

தரம் 1 முதல் 5 வரையுள்ள பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்துச் சிகிச்சையளிப்பதற்குப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் அடுத்த மாதம் எமது பாடசாலைக்கு வருகிறார். உங்கள் சம்மதப் படிவத்தை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

சென்ற முறை பல படிவங்கள் கையொப்பமின்றியே திரும்பின. விசாரித்தபோது, "மெசினப் போட்டுக் கொடைவாங்க, புள்ள பயப்படுது" என்றுதான் பலரும் சொன்னீர்கள். அந்தப் பயத்தை நான் அறிவேன். சிறுவயதில் என் கையையும் காலையும் இருவர் பிடித்துக்கொள்ள, பல்லைக் குடைந்த அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. அதன்பின் வலித்தபோதெல்லாம் கராம்பை வைத்து அடக்கிக்கொண்டு, வைத்தியரிடம் போகாமலேயே இரண்டு கடவாய்ப் பற்களை இழந்தேன். கராம்பு வலியைத்தான் மறக்கச் செய்யும், சூத்தையை நிறுத்தாது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

இன்று எல்லாச் சூத்தைக்கும் இயந்திரம் தேவையில்லை. 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில், மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக உருவான ஒரு முறையை, 1994ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தில் உலக சுகாதார நிறுவனம் முன்னிறுத்தியது. சிறு கரண்டி போன்ற கைக்கருவியால் மென்மையாகிப்போன பகுதியை மட்டும் சுரண்டியெடுத்து, கிளாஸ் அயனோமர் என்னும் பசையால் குழியை அடைப்பார்கள். பெரும்பாலும் ஊசியும் வேண்டியதில்லை. ஆழத்தில் சிறிது சூத்தை எஞ்சியிருந்தாலும், இறுக மூடப்பட்ட குழிக்குள் கிருமிகளுக்குச் சீனி கிடைக்காததால் அவை அடங்கிவிடும். அந்தப் பசையும் சிறிது சிறிதாகப் புளோரைட்டை வெளிவிட்டுப் பல்லுக்குத் துணை நிற்கும்.

பப்பாசியிலிருந்து எடுக்கும் பப்பெயின் என்ற நொதியம் கலந்த களிம்பைக் குழியில் இட்டுச் சிறிது நேரம் ஊறவிட்டு, இளகிய சூத்தையை வழித்தெடுக்கும் முறையும் உண்டு. இதைப் படித்துவிட்டு வீட்டில் பப்பாசிப் பாலைப் பல்லில் தடவிவிடாதீர்கள்; அது வாயைப் புண்ணாக்கிவிடும்.

மூன்றாவது முறையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சில்வர் டயமின் புளோரைட் என்ற திரவத்தைச் சூத்தையின்மேல் தொட்டு வைத்தால், அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்லும், புளோரைட் பல்லை இறுகச் செய்யும். குடைதலும் இல்லை, சுரண்டலும் இல்லை, ஓரிரு நிமிட வேலை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சூத்தை பிடித்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். பிள்ளையின் முன்பல் கறுத்துப்போனால் உங்கள் மனம் வருந்தும் என்பதை அறிந்தே சொல்கிறேன்: இரவெல்லாம் அழும் பிள்ளைக்கு, விழப்போகும் பாற்பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி பெரிய விலையல்ல. பெண்பிள்ளை என்பதால் தயங்கும் தாய்மாரிடமும் இதையே சொல்வேன். வெள்ளி ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இதை இடக்கூடாது. இருந்தால் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

எந்தப் பல்லுக்கு எது ஏற்றது, எது கைவசம் உண்டு என்பதைப் பற்சிகிச்சையாளர்தான் தீர்மானிப்பார். ஆனால் இந்த முறைகள் எல்லாம் நேரத்தோடு வருபவர்களுக்கே. கன்னம் வீங்கி, ஈறில் சீழ் வைத்துவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டிவரும். ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடவாய்ப் பல் விழுந்து முளைப்பதல்ல, வாழ்நாள் முழுமைக்குமான பல். அதைப் பாற்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறோம்.

எமது மலைநாட்டு நீரில் புளோரைட் குறைவு. ஆகவே புளோரைட் கலந்த பற்பசையால் காலையும் இரவும் துலக்கச் செய்யுங்கள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்களுக்குப் பட்டாணி அளவு பசை போதும். இரவு துலக்கியபின் சீனி போட்ட தேத்தண்ணீர் வேண்டாம்.

"சேட்டை செஞ்சா பல்லுப் புடுங்கிடுவாங்க" என்று பிள்ளையை மிரட்டவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பற்சிகிச்சையாளர் வரும் நாளில் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் உங்கள் நாட்சம்பளம் குறையும் என்பது எனக்குத் தெரியும். பாட்டியோ தாத்தாவோ வந்து பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்தால் போதும். கறுக்கும் மருந்து வேண்டாம் என்போர் படிவத்தில் அதை எழுதி, எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மற்ற முறைகளுக்கு உங்கள் கையொப்பம் செல்லும்.

இங்ஙனம்,
அதிபர்