வெட்டு வலது பக்கம்தான் இறங்கும்

அன்புள்ள எதிர் லயத்துக்காரிக்கு,

பேர் போடவில்லை. இதை நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது படிப்பார்கள், உன் அண்ணன் மகன் கட்டாயம் படிப்பான். உனக்குத் தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை உன் அம்மாவுக்குத் திதி. நீ வர முடியாத காரணம் தெரியும், அதைக் கேட்பதற்கு எழுதவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருந்த டிவி நாடகம் போன வாரம் முடிந்தது. மூன்று மாதமாக ராத்திரி பத்து மணி ஆனால் உன் வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். "நீ ஒண்ணும் சொல்லாதே, முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்றுதான் ஆரம்பிப்பாய். கடைசிப் பகுதிக்கு ஒன்றும் வரவில்லை. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சரி, எழுதிவிடலாம் என்று அப்போதுதான் முடிவு பண்ணினேன். நேரில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன்.

நாடகத்துக்காகச் சண்டை போடுவது நமக்கு இன்று நேற்று வந்த பழக்கமா? தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த காலத்திலேயே நீ அழுகிற கட்சி, நான் "அது எப்படி?" என்று கேட்கிற கட்சி. 1996இல் மலேசியாவுக்கு அஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி வந்தது. லயத்து வரிசை வீடுகளின் கூரைகளில் ஒவ்வொன்றாகத் தட்டு ஏறியது. நீ பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து லீவுக்கு வந்தால் அம்மா முதலில் சோறு போடுவார், அப்புறம் நம் இரண்டு பேரையும் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, "ம், ஆரம்பிங்கடி" என்பார். நாடகத்தைவிட நம் சண்டையைத்தான் அவர் அதிகம் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஆனால் இது வேறு மாதிரி நாடகம். நம் ஆட்கள் நடித்தது, நம் பேச்சு, கதையும் துண்டாடல் காலத்துக் கதை. துரைமார் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏற, வாங்கினவர்கள் அதைத் துண்டு போட்டு விற்க, லயத்தில் இருந்தவர்கள் மூட்டை கட்டிய காலம். "நம்ம கதைடி" என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தாய். நானும் அந்த ஆசையோடுதான் உட்கார்ந்தேன், நம்பு.

பள்ளி விடுமுறைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாயே, அந்த வாரம். இரண்டாவது பகுதி. நாடகத்தில் வருகிற அம்மாக்காரி ரப்பர் மரம் சீவுகிற காட்சி. அவள் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. அப்படியென்றால் உச்சி வெயில். எந்தத் தோட்டத்தில் உச்சி வெயிலில் மரம் சீவினார்கள்? விடியலுக்கு முன்னால், மரத்துக்குள் அழுத்தம் இருக்கும்போது வெட்டினால்தான் பால் இறங்கும். வெயில் ஏற ஏற நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை, வெளிச்சம் இல்லாமல் எப்படிப் படம் பிடிப்பார்கள் என்று விட்டுவிடலாம். வெட்டு வலது மேலிருந்து இடது கீழே இறங்கியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்துதான் ஏறும். இடது மேலிருந்து வலது கீழே இழுத்தால்தான் நிறையக் குழாய் அறுபடும். சீவுவதற்கு ஒரு நிரை மரம் பிடித்தவர் யாராக இருந்தாலும் தூக்கத்தில்கூட அதை மாற்றி வெட்டமாட்டார்.

இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கத்தியை அவள் பிடித்த விதத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், நீ நைட்டிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். உன் பேரன் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உனக்குக் கத்தி மட்டும்தான் தெரியும்" என்றாய். உடனே சிரித்துவிட்டு, "கோப்பி போடு, போ" என்றாய்.

நான் போய்க் கோப்பி போட்டேன்.

அப்புறம் மூன்று மாதம் நல்லாத்தான் சண்டை போட்டோம். துண்டாடல் கதை என்கிறார்களே, கூட்டுறவுச் சங்கம் எங்கே என்று கேட்டேன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, ஆளுக்கு 10 வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று அப்போது மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினாரே! அவர் பிறந்த சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம், அவர் பேர் ஒரு காட்சியில்கூட வரவில்லை. அம்மா தகர டப்பாவில் வைத்திருந்த அந்தப் பங்குத் தாளை நீயும் பார்த்திருக்கிறாய். "நாடகம் பார்க்க உட்கார்ந்தியா, சரித்திரப் பரீட்சை எழுத உட்கார்ந்தியா?" என்று கேட்டாய். அந்த 10 வெள்ளியை எடுத்துக் கொடுக்கும்போது அம்மாவின் முகம் எப்படி இருந்திருக்குமோ, அது அந்த நடிகையிடம் இருக்கிறது, அது போதும் என்றாய். அந்த இடத்தில் நீ சொன்னது சரி. அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "கத்தி மட்டும்தான் தெரியும்" என்று சொன்னாயே, அது மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

எனக்குக் கத்தி யார் சொல்லிக் கொடுத்தது? என் அம்மா வெளிக்காட்டு வேலைக்காரி, கத்தியைத் தொட்டதே இல்லை. 1983, எனக்குப் பதினேழு வயது. உன் அம்மாதான் என்னை இருட்டில் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பில் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கும், நெற்றியில் விளக்கு. பால் பிடிக்கிற மங்குக் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, என் பின்னால் வந்து நின்று, என் கைமேல் அவர் கையை வைத்தார். அந்தக் கை முழுக்கப் பால் வாடை. "விளக்கைப் பார்க்காதே, பட்டையைப் பாரு. உன் பக்கம் இழுத்துக்கிட்டே நகரு." சீவல் மெலிசாகச் சுருண்டு விழ வேண்டும். நான் அமுக்கிவிட்டேன். கத்தி கட்டையில் போய் இடித்தது. அம்மா திட்டவில்லை. விளக்கை அந்தக் காயத்துக்கு நேரே திருப்பி, என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "இது ஆறி வர வருஷக்கணக்காகும். அப்பவும் மேடாத்தான் வரும். அன்னிக்கு இந்த மரத்தை வெட்டுறவ உன்னைத்தான் திட்டுவா." அவ்வளவுதான். அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும். மரம்தான் இல்லை.

அதனால்தான் சொன்னேன். அந்த நாடகக்காரி தப்பாக வெட்டினபோது எனக்கு அவளைத் தெரியவில்லை, உன் அம்மா சொல்லிக் கொடுத்ததை யாரோ அழிக்கிற மாதிரி இருந்தது. உன் கண்ணீரை நான் பார்த்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மன்னித்துவிடு. ஆனால் வெட்டு சரி என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். நீ அந்த விடியலை இரண்டு வருஷம் பார்த்தாய். பத்தொன்பது வயதில் பினாங்குக்குப் பஸ் ஏறினாய், அது தப்பே இல்லை. உன் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், வீட்டில் பிரிட்ஜ் வந்தது. நான் பதினெட்டு வருஷம் போனேன், பால்மரத்தையெல்லாம் சாய்த்து எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்ட வருஷம் வரை. மழை பெய்தால் பட்டை நனைந்து வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் காசு இல்லை. இந்த வாசலில் நின்று நானும் உன் அம்மாவும் எத்தனை நாள் வானத்தைப் பார்த்திருப்போம். டிவியில் அந்தக் காடு உனக்கு அழகாகத் தெரிகிறது. தெரியட்டும். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லாதே.

அம்மாவின் கடைசி எட்டு மாதத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது நம் இரண்டு வீட்டுக்குள் இருக்கட்டும். படிக்கிறவர்கள் யாரும் இதை வைத்து உன்னைக் கேட்கக் கூடாது, கேட்டால் என்னிடம் வரட்டும். ஒன்றை மட்டும் உனக்காகச் சொல்கிறேன், இதுவரை சொல்லவில்லை. மருந்து மயக்கத்தில் ஒரு ராத்திரி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொன்னார். "எப்பம்மா வந்தே, சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் திருத்தவில்லை. "இப்பதாம்மா, சாப்பிட்டேன்" என்றேன். விடிகிற வரைக்கும் நீயாகவே இருந்தேன்.

சரி. கத்தி என்னிடம்தான் இருக்கிறது, உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக நீ கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. என் மகன் அடுத்த மாதம் ரயிலில் பட்டர்வொர்த் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பழைய பேப்பரில் சுற்றி, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பிடி அம்மா காலத்துப் பிடிதான், கட்டைவிரல் பட்ட இடம் குழிந்திருக்கும். உன் விரலை அங்கே வைத்துப் பார். பேரனுக்குக் காட்டும்போது எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடு.

நேற்று ராத்திரி இரண்டாவது பகுதியை மறுபடி போட்டேன். கையைப் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டு, அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். பால் முதல் சொட்டு மங்கில் விழும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். நீ அழுதது அந்த இடத்தில்தானே? அம்மா அப்படிச் செய்வாரா? எனக்குத் தெரியவில்லை. விளக்கு அவர் நெற்றியில் இருந்தது, வெளிச்சமெல்லாம் மரத்தின்மேல். அவர் முகம் எப்போதும் இருட்டில்தான். சின்ன வயதில் கூடவே போவாயே, பொழுது விடிந்தபிறகு மங்கு துடைக்க. நீ பார்த்திருப்பாய்.

போன் போட்டு அதை மட்டும் சொல்லு.