உச்ச விலையும் சராசரி விலையும் போதாது: ஏலக்காய்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

போடிநாயக்கனூர், கம்பம், குமுளி, வண்டன்மேடு வட்டாரங்களைச் சேர்ந்த ஏலக்காய் வணிகர் மற்றும் விவசாயிகள் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறும் மின்னணு ஏலத்தின் முடிவுகளை மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் (ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடப்படும் காய்த் தொகுதிகளின்) எண்ணிக்கை, வரத்து எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, உச்ச விலை, சராசரி விலை ஆகிய அனைத்தையும் எவரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ஆனால் நம் கடைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் கடைசி இரண்டு எண்கள் மட்டுமே வாட்ஸ்அப்பில் சுற்றி, மறுநாள் புதிய எண்கள் வந்ததும் மறக்கப்படுகின்றன. இந்நிலையில், விலை முன்கணிப்புச் சேவை ஒன்றைச் சந்தா கட்டி வாங்கலாமா என்ற பேச்சு நம் வட்டாரத்தில் எழுந்திருப்பதால் இம்மடலை எழுதுகிறேன். அந்தச் சந்தாவை இப்போதைக்கு ஒத்திவைத்து, நம்மிடம் ஏற்கெனவே உள்ள கணக்கை நம் கணக்குப்பிள்ளைகளே அலசிப் பார்க்கச் சங்கம் வழி செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அதற்குக் கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்லோவேனியா நாட்டின் லியுப்லியானா பல்கலைக்கழகத்தில் உருவான ஆரஞ்சு என்ற மென்பொருளில், கோப்பைத் திறப்பதற்கு ஒரு குறி, வரைபடத்துக்கு ஒரு குறி என்று திரையில் வைத்து, மவுஸால் கோடிழுத்து இணைத்தால் படம் வந்துவிடும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஜாஸ்ப் மென்பொருளிலும் அதே வகையைச் சேர்ந்த ஜமோவியிலும், அட்டவணையின் எந்தப் பத்தியை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்று சுட்டினால் போதும். முடிவு உடனுக்குடன் கண்முன் வரும். மூன்றும் இலவசம், நம் சொந்தக் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கொள்முதல் விலையை வெளியாரின் சர்வருக்கு அனுப்ப எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எஸ்.பி.எஸ்.எஸ், மினிடேப் போன்றவையும் இதே வேலையைச் செய்யும் என்றாலும் அவற்றின் உரிமக் கட்டணத்தைச் சிறிய கடைகள் சுமக்கத் தேவையில்லை.

முதலில் விலையைப் பார்ப்போம். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு மகசூல் சரிந்திருந்த நிலையில், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. உச்ச விலை என்பது அன்று வந்த லாட்டுகளில் மிக உயர்ந்த ஒன்றுக்குக் கிடைத்த விலை. மற்ற காய் என்ன விலைக்குப் போனது என்பதை அது சொல்லாது. சராசரியிலும் சிக்கல் உண்டு. ஓர் ஏலத்தில் 10,000 கிலோ சராசரி 2,400 ரூபாய்க்கும், மற்றோர் ஏலத்தில் 60,000 கிலோ சராசரி 2,000 ரூபாய்க்கும் விற்றதாக ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுப்பவர் 2,200 என்பார். எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2,057தான் வரும். வாரச் சராசரி, மாதச் சராசரி என்று நம்மிடையே பேசப்படும் எண்களில் எது எந்த வழியில் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

போர்டின் அட்டவணையில் இல்லாத ஒன்று நம் கொள்முதல் புத்தகங்களில் இருக்கிறது. லாட்டு வாரியாகக் காயின் மில்லிமீட்டர் அளவு, லிட்டர் எடை (ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை), நிறம், கொடுத்த விலை ஆகியவற்றை ஏதோ ஒரு வடிவில் நாம் குறித்து வைக்கிறோம். இதை ஒரே கோப்பாக்கி, அளவுப் பிரிவு வாரியாகப் பெட்டிப் படம் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் நடுக்கோடு இடைநிலை விலையைக் காட்டும்; பாதி லாட்டுகள் அதற்கு மேலும் பாதி கீழும் விற்றிருக்கும். பெட்டிக்குள் நடுப்பாதி லாட்டுகளின் விலை அடங்கும். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காயின் பெட்டியும் 7 முதல் 8 வரையுள்ள காயின் பெட்டியும் ஏதேனும் ஒரு மாதத்தில் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், அந்த மாதத்தில் சல்லடையிட்டு ரகம் பிரிப்பதற்குக் கொடுத்த கூலி திரும்பி வந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். அடுத்து நிறத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தால், விலை வேறுபாட்டுக்கு அளவைவிட ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், காய் உலர்ந்த விதம் காரணமா என்பதும் ஓரளவு தெரியவரும். என் பார்வையில், நாளைய விலையை ஊகிப்பதைவிட இக்கேள்விகளால் கைக்கு வரும் லாபம் அதிகம்.

எளிதாகச் சுட்டலாம் என்பதாலேயே எளிதாகத் தவறலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஜமோவியில் போடி விலையையும் புற்றடி விலையையும் ஒப்பிட்டு, வேறுபாடு தற்செயலானதல்ல என்று ஒரு நிமிடத்தில் அச்சிட்டுவிடலாம். ஆனால் அந்தச் சோதனை ஒவ்வொரு நாளின் விலையும் தனித்தனியானது என்று எடுத்துக்கொள்கிறது. இன்றைய விலை நேற்றைய விலையைத் தொட்டே நிற்கும் சந்தையில் அந்த அனுமானம் பொருந்தாததால், கிடைக்கும் உறுதி பொய்யாகப் பெருகியிருக்கும். வரத்தைக் கூட்டிப் பருவத்தின் விளைச்சலைக் கணிக்க முயல்வோரும் கவனிக்க வேண்டும்: ஒருமுறை ஏலத்தில் வாங்கிய காய் மீண்டும் ஏலத்துக்கு வருவதாக விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார் உண்மையாக இருக்கும் அளவுக்கு, அதே மூட்டை இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும்.

முன்கணிப்பில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆரஞ்சு மென்பொருளில் கணிப்பைச் சோதிக்கும் குறி, நாம் மாற்றாவிட்டால், எல்லா நாள்களையும் கலைத்துப் போட்டு, சிலவற்றை விலைப் போக்கைக் கற்றுக்கொள்வதற்கும் மீதியைச் சோதனைக்கும் எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் செவ்வாய்க்கிழமை விலையைக் கணிக்கும் முன்பே புதன்கிழமை விலையை அது பார்த்திருக்கும். துல்லியம் மிக அழகாக வரும், கடையில் பயன்படாது. ஆகவே, சந்தா விற்க வருபவர் எத்தனை விழுக்காடு துல்லியம் காட்டினாலும் அவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். முந்தைய பருவங்களை மட்டும் கொடுத்து, அதற்குப் பிந்தைய பருவத்தில் சோதித்தீர்களா? நாளைய விலை இன்றைய விலையே என்று சும்மா சொல்பவரைவிட உங்கள் கணிப்பு எவ்வளவு மேல்? இரண்டாவது கேள்விக்கான ஒப்பீட்டை நம் கணக்குப்பிள்ளை ஒருவரே அரை நாளில் செய்து பார்த்துவிட முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், நம் கோப்புகள் சீராக வேண்டும். ஒரே தேதியை ஒருவர் நாள் முன்னாலும் மற்றொருவர் மாதம் முன்னாலும் எழுதுகிறார்கள். விலைக்குப் பக்கத்தில் 'ரூ' என்று சேர்த்து எழுதிவிட்டால் மென்பொருள் அதை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொள்கிறது. மலைக்கு மேலே கேரளத்தில் மலையாளத்திலும் கீழே தமிழ்நாட்டில் தமிழிலும் பத்தித் தலைப்புகள் இருக்கின்றன. அதிலும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை யூனிகோடுக்கு மாற்றப்படும் வரை எவருக்கும் பயன்படாது.

எனவே, ஜூலை, ஆகஸ்டில் காய் எடுப்பு சூடுபிடிப்பதற்குள், இரு மாநிலச் சங்கங்களும் கலந்துபேசி ஒரே வடிவிலான கொள்முதல் படிவத்தை முடிவு செய்யுமாறும், விரும்பும் கடைகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் தலா ஒருவருக்குச் சங்கக் கட்டடத்தில் பயிற்சி ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக்குப் போர்டு வெளியிட்ட பழைய ஏல முடிவுகளையே பயன்படுத்தினால் எந்தக் கடையின் ரகசியமும் வெளியே போகாது. படிவத்தின் வரைவு ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் தயாரித்து வைத்திருக்கிறேன்; அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதை வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கம்பத்தில் ஏலக்காய்க் கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவர்