வருஷத்துக்குக் கீழே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். ஆடிப் பதினெட்டுக்கு நீ வருவாய் என்று அம்மா உளுந்து ஊறப்போட்டாள். சரி, பூனாவில் லீவு கிடைப்பது கஷ்டம்தான். அதற்காகப் போனையும் எடுக்கக் கூடாதா? அதனால்தான் கடிதம்.

எனக்கு ஒரு புதுக் கிறுக்குப் பிடித்திருக்கிறது. நான்கு ரோட்டு டீக்கடை மாமாவிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கி வருகிறேன். ஐம்பது ஐம்பதாகப் பேப்பரில் சுருட்டி வைத்திருப்பார். துண்டை விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை மறுநாள் அவரிடமே கொடுத்துவிடுவேன்.

பென்னாகரம் வண்டியில் முப்பது வருஷம் காசுப் பை தோளில் தொங்கியது. ஒரு நாளாவது காசில் போட்டிருக்கிற வருஷத்துக்குக் கீழே பார்த்திருப்பேனா? அங்கேதான் சங்கதியே இருக்கிறது. வைரக்கட்டம் என்றால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத், சின்னப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. 1985 ஒரு ரூபாயில் 'எச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தில் பர்மிங்காமில் அடித்து வந்த காசு. அது இன்னும் என் கையில் அகப்படவில்லை. அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ல் விட்ட 5 ரூபாய் அகப்பட்டது, அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு. பெரிய விலை ஒன்றும் போகாது, ஆனால் வைத்திருக்கிறேன். அம்மா அதைப் புளி போட்டு விளக்கிவிட்டாள். காசு சேர்க்கிறவர்கள் தேய்த்த காசை மதிக்கமாட்டார்கள் என்றால், 'அழுக்குக்குமா விலை?' என்று கேட்கிறாள்.

அந்தப் புள்ளியெல்லாம் என் கண்ணுக்குத் தெரிகிறதே, அது நீ செய்து வைத்த ஆபரேஷன். டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் மகன் ஒரே வாரத்தில் பணம் அனுப்பினான் என்று. ஒரே வாரத்தில் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை.

போனில் பணம் விஷயம் பேசுகிறவன் யாரையும் நம்பாதே. கொடுக்கிறேன் என்றாலும் சரி, கேட்டாலும் சரி.

போன வாரம் உன் பெயரைச் சொல்லி ஒருவன் இரண்டு தடவை கூப்பிட்டான். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. தெருமுனை வீட்டுப் பையன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து வாரா வாரம் வந்து போகிறான். நீயும் அப்படி இருந்திருக்கலாம். நான்தான் பூனா போ, சம்பளம் நல்ல சம்பளம் என்றேன்.

திரும்பவும் சொல்கிறேன், போனில் வருகிறவனை நம்பாதே. ஆப், லிங்க் எதையும் தொடாதே.

எழுத நினைத்தது வேறு, எழுதுவது வேறாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். ஆனி மாசம் வைஷ்ணவ தேவி படம் போட்ட 10 ரூபாய்க் காசு ஒன்று கிடைத்தது. 2012-ல் விட்டது. அதற்கு லட்ச ரூபாய் தருவதாகப் போனில் ஒரு விளம்பரம். கூப்பிட்டேன். மரியாதையாகப் பேசினான், 'சார்' என்றான். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன். மூன்று தடவையாக 3,600 ரூபாய் அனுப்பினேன். அம்மாவின் சீட்டுப் பணம். அதற்குப் பிறகுதான் படித்தேன், இந்த மாதிரி ஆட்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே சொல்லியிருக்கிறதாம். அடுத்தவன் எட்டணா குறைத்துக் கொடுத்தாலும் கண்டுபிடிக்கிற கண்டக்டர் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஏமாந்ததைவிட, மூன்றாவது தடவை அனுப்பும்போதே அவன் திருடன் என்று தெரிந்திருந்ததுதான் உறுத்துகிறது. தெரிந்தும் அனுப்பினேன். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. சீட்டுக்காரர் இன்னும் பணம் தரவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கண்ணுக்குச் செலவானது எவ்வளவு, அதில் இன்னும் கட்ட வேண்டியது ஏதாவது இருக்கிறதா? பி.எஃப். பணம் கொஞ்சம் பாங்கில் சும்மாதான் கிடக்கிறது.

அந்த 10 ரூபாய்க் காசு என்னிடமேதான் இருக்கிறது. மாமா கடையில் கொடுத்தால் ஒரு டீ வரும்.

அம்மா ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவாள். போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா